புர்ரிட்டோ: ஒரு சொல் சுமந்து வந்த வரலாறு

உணவுகளுக்குப் பெயர் வாய்த்த வழிகள் பல. செய்முறையால் பெயர் பெற்றது பொரியல். சேரும் பொருளால் பெயர் பெற்றது புளிக்குழம்பு. ஊரால் பெயர் பெற்றது திருநெல்வேலி அல்வா. இவ்வழிகள் எதிலும் அடங்காத பெயர் ஒன்று மெக்சிகோ நாட்டு உணவு ஒன்றுக்கு உண்டு. கோதுமை மாவை மெல்லிய அப்பமாகத் தட்டி, சூடான கல்லில் வாட்டி, அதனுள் மசித்த பயறும் இறைச்சியும் மிளகாய்ச் சாறும் வைத்து, ஓரங்களை மடித்துச் சுருட்டித் தருகிறார்கள். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தெருவெங்கும் இன்று அது விற்கப்படுகிறது. சென்னை போன்ற நம் பெருநகரங்களின் உணவகங்கள் சிலவற்றிலும் கிடைக்கிறது. புர்ரிட்டோ என்பது அதன் பெயர். அப்பெயருக்குச் 'சின்னக் கழுதை' என்று பொருள்.

கழுதையின் இறைச்சி அதில் சிறிதும் இல்லை. பிறகு ஏன் இந்தப் பெயர்? வேடிக்கையான கேள்வி போலத் தோன்றலாம். ஆயினும் இதற்கு விடை தேடிப் புறப்படுவோர் அடுப்படியில் தொடங்கி, மெக்சிகோவின் முதல் ஆயரிடமும், திருப்பலிப் பீடத்தின் அப்பத்திடமும், அயல்நாட்டு வயல்களில் குனிந்து உழைத்த பல இலட்சம் ஏழைகளிடமும் போய்ச் சேர வேண்டியிருக்கும். ஒரு சிறு சொல் இவ்வளவையும் முதுகில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறது.

சொல்லின் வேர்

ஸ்பானிய மொழியில் கழுதைக்குப் 'புர்ரோ' என்று பெயர். அம்மொழியில் ஒரு பெயர்ச்சொல்லின் ஈற்றில் 'இட்டோ' என்னும் விகுதியைச் சேர்த்தால் அது சிறியது என்னும் பொருளையோ செல்லத்தையோ உணர்த்தும். நாயைக் குறிக்கும் 'பெர்ரோ', 'பெர்ரிட்டோ' என்றாகும்போது நாய்க்குட்டியாகிறது. ஹுவான் என்று திருமுழுக்குப் பெயர் பெற்ற சிறுவன் வீட்டில் ஹுவானிட்டோ என்று அழைக்கப்படுகிறான். தமிழில் 'குட்டி' என்ற சொல்லைப் பின்னே சேர்த்து நாம் வெளிப்படுத்தும் வாஞ்சையை அவர்கள் இவ்விகுதியால் வெளிப்படுத்துகிறார்கள். மெக்சிகோ மக்களின் பேச்சில் இது தாராளமாகப் புழங்கும்.

'புர்ரோ' என்பது 'பொர்ரிக்கோ' என்னும் முந்தைய வடிவத்திலிருந்து பிறந்தது. அதன் மூலமோ, குட்டையான குதிரையைப் பிற்கால இலத்தீனில் குறித்த 'புர்ரிக்குஸ்' என்ற சொல். கழுதைக்கு இலத்தீனில் உரிய பெயர் 'ஆசினுஸ்' என்பது. அதுவும் 'அஸ்னோ' என்ற வடிவில் ஸ்பானிய மொழியில் வாழ்கிறது. எனினும் களத்திலும் சந்தையிலும் மக்கள் நாவில் நின்றது புர்ரோதான்.

நம்மிடையே போலவே அங்கும் கழுதையின் பெயர் வசைச்சொல்லாயிற்று. அறிவு மந்தமானவனைப் புர்ரோ என்று ஏசுவர். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று கேட்கும் நமக்கு இது புதிதன்று. ஆனால் இன்னொரு வழக்கும் உண்டு. மரம் அறுப்பதற்குக் கட்டையைத் தாங்கி நிற்கும் கால்சட்டத்துக்கும் ஸ்பானிய மொழியில் புர்ரோ என்றே பெயர். ஓவியர்கள் தம் படத்தை நிறுத்தி வைக்கும் தாங்கிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரும் டச்சு மொழியில் கழுதையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததே. வீணையின் தந்திகளைத் தாங்கும் உறுப்பை நாம் 'குதிரை' என்கிறோம். எது தாங்குகிறதோ அதற்குச் சுமக்கும் விலங்கின் பெயரைச் சூட்டுவது மனித இயல்பு போலும். கழுதை என்ற சொல்லுக்குள் ஏளனமும் இருக்கிறது. தாங்குவது யார் என்ற ஒப்புதலும் இருக்கிறது. புர்ரிட்டோ என்னும் பெயரை ஆராயும்போது இவ்விரண்டையும் நினைவில் கொள்ள வேண்டும்.

கதைகள் நான்கு, ஏடு ஒன்று

இப்பெயர் பிறந்த விதம் பற்றி மெக்சிகோவில் நான்கு கதைகள் வழங்குகின்றன. அவற்றுள் பெரும்புகழ் பெற்றது ஹுவான் மெண்டஸ் என்பவரைப் பற்றியது. 1910-இல் தொடங்கிய மெக்சிகோ புரட்சியின் காலத்தில், எல்லைப்புற நகரமான சியுதாத் ஹுவாரெஸின் பெல்லா விஸ்டா என்னும் பகுதியில் அவர் உணவு விற்று வந்தாராம். உணவு ஆறிவிடாதிருக்கக் கோதுமை அப்பங்களில் பொதிந்து, கழுதையின் மேல் ஏற்றிச் செல்வாராம். சின்னக் கழுதைக்காரரின் உணவைத் தேடி மக்கள் வர, விலங்கின் பெயரே உணவின் பெயராயிற்று என்பர்.

இரண்டாவது கதையும் அதே நகரத்தைச் சேர்ந்தது. 1940-களில் பள்ளி வாயிலருகே உணவு விற்ற ஒருவர், தமக்கு ஒத்தாசை செய்த ஏழைச் சிறுவர்களைச் செல்லமாகச் 'சின்னக் கழுதைகளே' என்று அழைப்பார். அவர்களுக்குக் கொடுத்த உணவுக்கும் அப்பெயர் ஒட்டிக்கொண்டது என்பது அது. சுருட்டிய அப்பம் கழுதையின் காதுபோல இருப்பதால் பெயர் வந்தது என்று மூன்றாவது கதை கூறும். கழுதையின் முதுகில் சுருட்டிக் கட்டப்படும் படுக்கைப் பொதியை ஒத்திருப்பதால் வந்தது என்று நான்காவது கதை கூறும்.

இவற்றுள் முதலிரண்டையும் வரலாற்று நோக்கில் ஏற்க இயலாது. 1895-ஆம் ஆண்டில் ஃபெலிக்ஸ் ராமோஸ் இ துவார்த்தே என்பவர் மெக்சிகோ நாட்டு வழக்குச் சொற்களைத் திரட்டி ஓர் அகராதியாக வெளியிட்டார். அதில் புர்ரிட்டோ என்ற சொல் இடம் பெற்றிருக்கிறது. உள்ளே இறைச்சியோ வேறு எதுவோ வைத்துச் சுருட்டிய அப்பம் என்று அதற்குப் பொருள் கூறும் அவர், அது குவானஹுவாட்டோ பகுதியின் வழக்கு என்றும், மெக்சிகோ நகரத்திலும் குவெர்னவாக்காவிலும் அதையே 'டாக்கோ' என்பர் என்றும் குறிக்கிறார். புரட்சி வெடிப்பதற்கு 15 ஆண்டுகள் முன்னரே, எல்லைக்குத் தொலைவில் உள்ள நடு மெக்சிகோவில், அச்சில் ஏறும் அளவுக்கு இச்சொல் ஊன்றியிருந்தது. எனவே மெண்டஸ் இப்பெயரைத் தோற்றுவித்தவராக இருக்க முடியாது.

அகராதி காலத்தை வரையறுக்கிறது, காரணத்தைக் கூறவில்லை. அப்படியாயின் அக்கதைகளைப் பொய் என்று ஒதுக்கிவிடலாமா? நாட்டுப்புறக் கதைகள் நாள், பெயர், ஊர் ஆகியவற்றில் பிழைபட்டாலும், மக்கள் எதை முக்கியம் என்று கருதினார்கள் என்பதில் பிழைபடுவது அரிது. காதைச் சொல்லும் கதை நீங்கலாக ஏனைய மூன்றிலும் ஒரே பொருள் திரும்பத் திரும்ப வருகிறது. கூடை சுமக்கும் கழுதை, ஓடியாடி வேலை செய்யும் ஏழைச் சிறுவர், பொதி கட்டிய முதுகு: மூன்றும் சுமை பற்றியவை. இது சுமப்பவர்களின் உணவு என்று மக்கள் தாமாகவே உணர்ந்திருந்தார்கள்.

இன்னொன்றையும் கருதவேண்டும். பெயரில் இருக்கும் கழுதை, அப்பத்தில் இருக்கும் கோதுமை ஆகிய இரண்டுமே மெக்சிகோ மண்ணுக்கு உரியவை அல்ல. 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் கப்பலில் கொண்டு வந்தவை அவை. இவ்விரண்டும் வந்த வழியைத் தனித்தனியே பார்த்தால்தான் இப்பெயரின் எடை புரியும்.

கோதுமை வந்த வழி

மெக்சிகோவின் தொல்குடிகளுக்கு மக்காச்சோளமே உயிர். மாயா மக்களின் தொன்மநூலான போபோல் வூ, மனிதர்கள் மக்காச்சோள மாவினால் உருவாக்கப்பட்டதாகவே கூறுகிறது. அச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, அரைத்து, வட்டமாகத் தட்டிச் சுட்டு உண்டார்கள். அவ்வப்பத்துக்கு ஸ்பானியர் இட்ட பெயர் 'டோர்டியா' என்பது.

வந்தேறிய ஸ்பானியருக்கோ கோதுமை அப்பமே உணவு. அதற்கு மேலும் ஒரு காரணம் இருந்தது. இலத்தீன் திருச்சபையின் ஒழுங்கின்படி நற்கருணைக்குரிய அப்பம் கோதுமையால் மட்டுமே ஆனதாக இருக்கவேண்டும். இன்றைய திருச்சபைச் சட்டமும் அதையே வலியுறுத்துகிறது. ஆதலால் பீடம் எழுப்பிய இடமெல்லாம் கோதுமையும் விளைய வேண்டியதாயிற்று.

மெக்சிகோவில் முதன்முதல் கோதுமை விதைத்தவர் யார் என்ற கேள்விக்கு விடையாக ஓர் ஏழை முன்வருகிறார். ஆப்பிரிக்காவில் பிறந்து, கொர்த்தேஸின் படையோடு மெக்சிகோவுக்கு வந்த ஹுவான் கார்ரிதோ என்னும் கறுப்பின மனிதர் அவர். இந்நாட்டில் முதலில் கோதுமை விதைத்து அறுத்தவன் நானே என்று 1538-இல் அவர் அரசருக்கு அளித்த விண்ணப்பத்தில் கூறுகிறார். படையெடுப்பில் பங்கு கொண்ட அவருக்குப் பெருஞ்செல்வம் எதுவும் சேரவில்லை. தம் ஏழ்மைக்கு உதவி கேட்டு எழுதிய விண்ணப்பமே அது. புதிய உலகின் பீடங்களில் அப்பமாகப் போகும் மணிகளை மண்ணில் இட்ட கை அவருடையது.

வடக்கே, சொனோரா என்னும் வறண்ட நிலத்துக்குக் கோதுமை சென்றது இயேசு சபையினரின் வழியாக. அவர்களுள் தலைசிறந்தவர் எவுசேபியோ பிரான்சிஸ்கோ கினோ அடிகளார். 1645-இல் ஆல்ப்ஸ் மலைச்சாரலில் பிறந்த இவர், இளமையில் கொடிய நோயுற்று, புனித சவேரியாரின் பரிந்துரையால் குணமடைந்தார் என்று நம்பி, நன்றியாகப் பிரான்சிஸ்கோ என்னும் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். நம் முத்துக்குளித்துறையின் மணலில் நடந்த அதே சவேரியார்தான்! சவேரியாரைப்போலக் கீழ்த்திசைக்கு வர ஏங்கிய அவரைச் சபை மெக்சிகோவுக்கு அனுப்பியது. 1687 முதல் 24 ஆண்டுகள் பீமா மக்களிடையே உழைத்து, விதையும் கால்நடையும் பகிர்ந்தளித்து, 1711-இல் மக்தலேனா என்ற ஊரில் சவேரியாருக்குச் சிற்றாலயம் ஒன்றை அர்ச்சித்த வேளையில் நோயுற்று, அங்கேயே உயிர் துறந்தார். 2020-இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தது.

பீமா மக்கள் கோதுமையை ஏற்றதற்குத் தக்க காரணம் இருந்தது. மக்காச்சோளம் கோடைப் பயிர். கோதுமையோ குளிர்காலத்தில் வளர்ந்து, முந்தைய சோளம் தீர்ந்து வயிறு காயும் மாதங்களில் அறுவடைக்கு வரும். பீடத்துக்கென்று வந்த தானியம் பஞ்ச மாதத்தின் உணவாயிற்று. அதை அவர்கள் ஐரோப்பியரைப்போல அடுப்பில் வைத்துப் பொங்கவிடவில்லை. தம் பாட்டிமார் சோளத்தைத் தட்டிய அதே கைகளால், அதே வட்டமாகத் தட்டினார்கள். சோளமாவுக்கு இழுவைத் தன்மை இல்லை. பெரிதாகத் தட்டினால் பிய்ந்துவிடும், மடித்தால் முறியும். கோதுமை மாவு பிசைந்தால் இழுபடும். ஆகவே அதை அகலமாக, துணிபோல மெல்லியதாக இழுக்க முடிந்தது. சொனோராவில் முழங்கை அளவுக்கும் பெரிதாக இன்றும் அப்பம் தட்டுகிறார்கள். ஒரு வேளை உணவு முழுவதையும் உள்ளே பொதிந்து கையில் எடுத்துச் செல்லும் வசதி அவ்வாறு பிறந்தது. டாக்கோ சிறிதாக இருப்பதற்கும், வடபுலத்துப் புர்ரிட்டோ பெரிதாக இருப்பதற்கும் காரணம் இதுவே.

பண்பாட்டுமயமாதல் பற்றி நாம் இன்று ஏடுகளில் நிறைய எழுதுகிறோம். எந்த மன்றமும் கூடித் தீர்மானிக்காமல், பெயரறியாத பெண்கள் தம் அடுப்படியில் அதைச் செய்து முடித்திருக்கிறார்கள்.

மனிதர் சுமந்த நாட்கள்

இனிக் கழுதையின் கதைக்கு வருவோம். ஸ்பானியர் வருமுன் மெக்சிகோவில் மாடு இல்லை, குதிரை இல்லை, கழுதையும் இல்லை. பேரரசின் திறைப்பொருள் அனைத்தும் மனிதர் முதுகில்தான் சென்றது. அவர்களைத் 'தமெமே' என்பர். நெற்றியில் குறுக்கே ஒரு வார்ப்பட்டையைக் கட்டி, அதன் இரு முனைகளிலும் முதுகுச் சட்டத்தைப் பிணைத்து, கழுத்தின் வலிமையால் சுமப்பார்கள். ஆளுக்கு ஏறத்தாழ 23 கிலோ, ஒரு நாளைக்கு ஐந்து காதம் என்பது பழைய அளவு என்று படையெடுப்பில் உடனிருந்த பெர்னால் தியாஸ் எழுதுகிறார். வெற்றி பெற்ற ஸ்பானியரோ அந்த அளவையும் மறந்தனர். மிகை சுமை ஏற்றினர், தொலைதூரம் ஓட்டினர், வழியில் விழுந்தோரை விட்டுச் சென்றனர்.

1528-இல் மெக்சிகோவின் முதல் ஆயராக வந்து சேர்ந்தவர் பிரான்சிஸ்கன் துறவியான ஹுவான் தே சுமாராகா. தொல்குடிகளின் பாதுகாவலர் என்ற பொறுப்பையும் அரசர் அவருக்கு அளித்திருந்தார். குடிமக்களைக் கசக்கிப் பிழிந்த ஆளுநர்களை எதிர்த்து அவர் போராடினார். அவர் அரசிடம் வைத்த வேண்டுகோள்களுள் ஒன்று நம் கவனத்துக்கு உரியது: கழுதைகளை மிகுதியாக அனுப்புங்கள், தொல்குடியினர் சுமை தூக்கும் கொடுமையிலிருந்து விடுபடட்டும் என்பது அது. ஓர் ஆயர் கழுதை கேட்டு விண்ணப்பித்தார் என்றால் இன்று சிலர் நகைக்கலாம். அவ்விண்ணப்பத்தில் இருந்த இரக்கம் பல மறையுரைகளில் காணக் கிடைக்காதது.

இதே சுமாராகாவிடம்தான், மரபு கூறுகிறபடி, 1531-இல் ஹுவான் தியேகோ என்ற ஏழை தெப்பேயாக் குன்றிலிருந்து குவாதலூப்பே அன்னையின் செய்தியைக் கொண்டு வந்தார். அந்நிகழ்ச்சியை நாவாத்தல் மொழியில் விவரிக்கும் 'நிக்கான் மோப்போவா' என்னும் நூல் 1649-இல் அச்சாயிற்று. ஆயர் தம்மை நம்பவில்லை என்று அன்னையிடம் முறையிடும் ஹுவான் தியேகோ, பெருமக்கள் எவரையாவது அனுப்புமாறு வேண்டுகிறார். அப்போது தம்மை நெற்றிப்பட்டை என்றும் முதுகுச் சட்டம் என்றும் கூறிக்கொள்கிறார். தமெமேயின் கருவிகள் அவை. தம்மைச் சுமக்கும் மனிதன் என்றுகூடக் கூறவில்லை. சுமக்கும் கருவி என்றே கூறுகிறார். அடிமைப்பட்ட இனத்தின் வேதனை முழுவதும் அந்த இரண்டு சொற்களில் அடங்கியிருக்கிறது.

அன்னையோ அவரை 'ஹுவான்ட்சின்' என்று அழைக்கிறார். நாவாத்தல் மொழியில் 'ட்சின்' என்னும் ஈறு செல்லத்தையும் காட்டும், உயர்ந்தோருக்குரிய மதிப்பையும் காட்டும். சிறியவனே என்பதும் பெருமைக்குரியவனே என்பதும் அங்கே ஒரே விளி. ஸ்பானிய விகுதியாகிய 'இட்டோ' மெக்சிகோ நாவில் இத்துணை கனிந்து ஒலிப்பதற்கு இந்த மண்ணின் பழக்கமும் துணை செய்திருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது. 2002-இல் ஹுவான் தியேகோவைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் புனிதராக உயர்த்தினார். முதுகுச் சட்டம் பீடத்தில் வைக்கப்பட்டது.

1537-இல் திருத்தந்தை மூன்றாம் பவுல், புதிய உலகின் மக்களை ஊழியம் செய்யப் பிறந்த விலங்குகளாகக் கருதுவது மனித குலப் பகைவனின் சூழ்ச்சி என்றும், அவர்கள் உண்மையான மனிதர்கள், அவர்களுடைய உரிமையையும் உடைமையையும் பறித்தல் ஆகாது என்றும் ஆணை மடல் விடுத்தார். அவ்வாறு எழுத வேண்டிய தேவை இருந்தது என்பதே அக்கால நிலையைக் காட்டும். உண்மையை மறைக்காமல் இன்னொன்றையும் கூறவேண்டும். ஏழைகளுக்காகக் கழுதை கேட்ட அதே சுமாராகா, மறைவிசாரணை அதிகாரியாக இருந்து 1539-இல் தெஸ்கோக்கோவின் தொல்குடித் தலைவர் ஒருவரைத் தீக்கு இரையாக்கிய தீர்ப்புக்கும் பொறுப்பானவர். திருச்சபையின் வரலாற்றில் பரிவும் கடுமையும் சில வேளைகளில் ஒரே மனிதரிடம் குடியிருந்தன.

கழுதைகள் வந்தன, பெருகின. மலைப்பாதைகளிலும் வெள்ளிச் சுரங்கங்களிலும் நெற்றிப்பட்டையின் இடத்தை அவை படிப்படியாக ஏற்றன. புர்ரிட்டோ என்ற சொல் முதலில் பதிவான குவானஹுவாட்டோ, பெயர் பெற்ற வெள்ளிச் சுரங்க நாடு. மனிதன் சுமந்ததைத் தான் சுமக்க வந்த விலங்கின் பெயரை அம்மக்கள் செல்லமாக்கித் தம் உணவுக்குச் சூட்டினார்கள். ஏளனத்துக்கு அங்கே இடமில்லை.

எல்லை கடந்த கைகள்

20-ஆம் நூற்றாண்டில் இந்த உணவு வடக்கே எல்லை கடந்தது. 1930-களில் லாஸ் ஏஞ்சல்ஸ் உணவகங்களில் அதைப் பரிமாறினார்கள். 1934-இல் எர்னா ஃபெர்குசன் என்னும் பெண்மணி வெளியிட்ட சமையல் நூலில் அது இடம் பெற்றது. ஆனால் அதனோடு எல்லை கடந்த மனிதர்களின் கதை வேறு.

இரண்டாம் உலகப் போரின்போது வயல்களில் ஆள் பற்றாக்குறை ஏற்பட, 1942-இல் அமெரிக்க ஐக்கிய நாடுகள் மெக்சிகோவோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டது. 1964 வரை நீடித்த அத்திட்டத்தின் கீழ் 45 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. வந்த தொழிலாளருக்குப் 'பிராசேரோ' என்று பெயர். கை என்று பொருள்படும் 'பிராசோ' என்ற சொல்லிலிருந்து பிறந்தது அது. கை மட்டும் தேவைப்பட்டது. கையோடு கூட ஒரு முகமும், குடும்பமும், நோயும், முதுமையும் வரும் என்பதைக் கணக்கில் எடுத்தவர் சிலரே. எல்லையில் அவர்களை ஆடை களையச் செய்து பூச்சிமருந்து தெளித்தார்கள். முதல் ஆண்டுகளில் அவர்களுடைய ஊதியத்தில் பத்தில் ஒரு பங்கைச் சேமிப்பு என்று பிடித்து வைத்தார்கள். பலருக்கு அது திரும்பக் கிடைக்கவே இல்லை. உழைப்பின் விலையைக் குறித்த நம் தமிழ்ச் சொல்லான 'கூலி', அயல் மொழிகளில் உழைக்கும் மனிதனையே குறிக்கும் இழிசொல்லாக மாறியது என்று மொழியறிஞர் பலர் கருதுகின்றனர். தோட்டங்களுக்குக் கப்பலேறிய தமிழரின் சந்ததி இந்த நோவை அறியும்.

அவ்வயல்களில் இன்னொரு 'இட்டோ'வும் இருந்தது. 'எல் கோர்த்திட்டோ', அதாவது குட்டையானது, என்று தொழிலாளர் அழைத்த ஒரு களைக்கொத்து அது. பிடி மிகக் குட்டை. நாள் முழுதும் இடுப்பை வளைத்து நின்றால்தான் வேலை நடக்கும். நிமிர்ந்து நிற்பவன் வேலை செய்யவில்லை என்று மேற்பார்வையாளருக்குத் தொலைவிலிருந்தே தெரிந்துவிடும். முதுகெலும்பு தேய்ந்து முடமானோர் பலர். நெடிய போராட்டத்துக்குப் பின் 1975-இல் கலிபோர்னியா அதைத் தடை செய்தது. 1963 செப்டம்பரில், கலிபோர்னியாவின் சுவாலார் என்னுமிடத்தில், சரக்கு வண்டியில் பலகையும் கூரையும் பொருத்தி ஆள் ஏற்றிய ஊர்தி ஒன்று இரயிலில் மோதி 32 தொழிலாளர் மாண்டனர். சரக்கு ஏற்றும் வண்டியில் சரக்காகவே சென்றவர்கள் அவர்கள்.

இத்தகைய மக்களின் மதியப் பொதியில் புர்ரிட்டோ இருந்தது. தட்டு வேண்டாம், கரண்டி வேண்டாம். வரப்பில் அமர்ந்து ஒரு கையால் உண்டுவிட்டு எழலாம். 1961-க்குப் பின் சான் பிரான்சிஸ்கோ நகரின் 'மிஷன்' பகுதியில் சோறும் சேர்த்துப் பெரிதாகச் சுருட்டிய வகை தோன்றி, நாடெங்கும் பரவியது. அப்பகுதியின் பெயர், 1776-இல் பிரான்சிஸ்கன் துறவியர் அங்கே நிறுவிய அசிசி புனித பிரான்சிஸ் மறைப்பணித் தளத்திலிருந்து வந்தது. அவ்வாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் 5,000-க்கும் மேற்பட்ட தொல்குடி மக்கள் புதைக்கப்பட்டார்கள். பெரும்பாலோரின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. இன்று அத்தெருவில் வரிசையில் நின்று புர்ரிட்டோ வாங்குவோருள் எத்தனை பேர் இதை நினைப்பார்கள்?

சுமை தூக்கியவரின் பெயர்

விவிலியத்தில் கழுதைக்கு உள்ள இடம் எண்ணிப் பார்க்கத் தக்கது. பகைவனின் கழுதை சுமையோடு விழுந்து கிடக்கக் கண்டால் விலகிப் போகாதே, தூக்கிவிடு என்று விடுதலைப் பயண நூல் கட்டளையிடுகிறது. பகைவனின் கழுதைக்கே அப்படியென்றால், விழுந்து கிடக்கும் மனிதனுக்கு என்ன என்று தனியே சொல்லத் தேவையில்லை. எண்ணிக்கை நூலில், இறைவாக்கினர் பிலயாம் காணாத வானதூதரைக் கழுதை காண்கிறது. தன்னை ஏன் அடிக்கிறாய் என்று வாய் திறந்து கேட்கிறது. அடிபட்டுச் சுமக்கும் உயிருக்கு, அதை ஓட்டுபவருக்குத் தெரியாத உண்மை தெரியும் என்பதே அப்பகுதியின் உட்பொருள். செக்கரியா முன்னறிவித்த அரசர் எருசலேமுக்குள் நுழையும்போது, போர்க்குதிரையைத் தவிர்த்துக் கழுதைக் குட்டியைத் தேர்ந்துகொண்டார். அக்குட்டி ஆண்டவருக்குத் தேவை என்று சீடர்கள் சொல்ல வேண்டியிருந்தது. ஸ்பானிய மொழியில் குருத்து ஞாயிறு நற்செய்தியைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் தாய், அக்குட்டியைப் புர்ரிட்டோ என்றே சொல்வாள்.

ஆகவே ஒரு வேடிக்கைப் பெயராக நாம் எடுத்துக்கொண்ட இச்சொல், சுமை யார் முதுகில் இருக்கிறது என்ற கேள்வியை நம்முன் வைக்கிறது. தமெமேயின் முதுகிலிருந்த சுமையைக் கழுதைக்கு மாற்றினார்கள். கழுதை போய் உந்து வண்டி வந்தது. ஆனால் வயலில் குனிந்த முதுகு மனிதனுடையதாகவே இருந்தது. சுமை மறைவதில்லை, இடம் மாறுகிறது. மலிவாக நம் மேசைக்கு வரும் ஒவ்வொரு பொருளின் பின்னாலும் யாரோ ஒருவரின் முதுகு வளைந்திருக்கக் கூடும். அவர் பெயரை நாம் கேட்பதில்லை.

ஒருவர் மற்றவர் சுமையைத் தாங்குவதே கிறிஸ்துவின் சட்டத்தை நிறைவேற்றுவது என்று பவுலடியார் கலாத்தியருக்கு எழுதினார். சுமை சுமந்து சோர்ந்தோரைத் தம்மிடம் அழைத்தவரே அப்பமாகித் தம்மைக் கொடுத்தார். அந்த அப்பத்துக்காக விதைக்கப்பட்ட கோதுமை, ஏழைகளின் கையில் வட்டமாகத் தட்டப்பட்டு, அவர்களோடு சேர்ந்து உழைத்த எளிய உயிரின் பெயரைப் பெற்றது. பீடத்துக்கும் வரப்புக்கும் இடையே இவ்வளவு குறுகிய தூரம்தான் என்பதை அச்சொல் நமக்கு நினைவூட்டுமானால், அது தன் சுமையை வந்து சேர வேண்டிய இடத்தில் இறக்கிவிட்டது எனலாம்.